இடது சிலிண்டர்

அந்த வருஷம் ஜூன் கடைசியில் எங்கள் பக்கம் சேர்ந்தாற்போல் நான்கு நாள் மழை இல்லை. பெல்ஃபாஸ்ட் பக்கத்து எங்கள் டிரம்காஷல் கிராமத்தில் அது அபூர்வம். ஆறு ஏக்கரில் புல்லை அறுத்துப் போட்டுவிட்டு நாளுக்கு இருபது தடவை மேற்கே பார்த்துக்கொண்டிருந்தேன். குளிர்காலம் முழுக்க என் ஒன்பது மாடுகளும் அந்தப் புல்லைத் தின்றுதான் பிழைக்க வேண்டும். புதன்கிழமை மதியச் செய்தியில், சாயங்காலத்துக்குள் மழை பிடித்துக்கொள்ளும் என்றார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த உருளைக்கிழங்கைத் தட்டோடு விட்டுவிட்டு எதிர்வீட்டு வாலஸைக் கூப்பிடப் போனேன்.

வாலஸ் மக்கில்வீன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். லினன் ஆலையில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டர். ஆலையை மூடிய பிறகு வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைதான் அவருக்கு எல்லாம். அங்கே ஒரு லேத்தும், பைக் இன்ஜின் சிலிண்டர் கடைகிற மிஷினும், கரி அடுப்பும் இருந்தன. ரேஸ் பைக் ஓட்டுகிற பையன்கள் வடக்கே கடலோரத்திலிருந்தும் தெற்கே எல்லைக்கு அப்பாலிருந்தும் தங்கள் சிலிண்டரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு அவரிடம் வருவார்கள். எங்கள் ஊரில் யார் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போகிறவர், யார் புராட்டஸ்டண்ட் கோயிலுக்குப் போகிறவர் என்று பார்த்துத்தான் ரொட்டிகூட வாங்குவார்கள். வாலஸ் கொட்டகைக்கு மட்டும் இரண்டு கோயில்காரர்களும் வந்தார்கள். உள்ளே போனால் எல்லோருடைய கையிலும் ஒரே கறுப்பு எண்ணெய்தான்.

எங்கள் பக்கத்து ரேஸுக்கு என்று தனி மைதானம் கிடையாது. தபால்காரர் சைக்கிளில் போகிற ரோட்டையே மதியத்துக்கு மேல் மூடிவிட்டு, கல்சுவருக்கும் முள்வேலிக்கும் நடுவே மணிக்கு நூற்று நாற்பது மைலில் ஓட்டுவார்கள். அந்த வண்டிகளில் பிஸ்டன் அலுமினியம். அது ஏறி இறங்குகிற சிலிண்டரின் உள்சுவர் இரும்பு. எரிகிற பெட்ரோலின் சூடு முதலில் பிஸ்டனுக்குத்தான் போகும். அலுமினியம் சட்டென்று பருக்கும், இரும்பு மெதுவாகத்தான் விரியும். நடுவில் விடுகிற இடைவெளி கூடினால் பிஸ்டன் ஆடி, சக்தி வீணாகும். குறைந்தால் பிஸ்டன் சுவரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அந்த நொடியே பின்சக்கரம் நின்றுவிடும். அதனால்தான் பையன்கள் இடதுகையின் இரண்டு விரல்களைக் கிளட்ச் பிடியை விட்டு எடுக்காமல் ஓட்டுவார்கள். பிடித்தது தெரிந்த கணத்தில் கிளட்சை இழுத்தால் பிழைக்கலாம்.

மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை வாலஸ் 'புள்ளி' என்பார். ஏழு புள்ளி சேர்ந்தால் ஒரு தலைமுடி கனம். அவருடைய மருமகன் டெரிக்கின் வண்டிக்கு ஆறு புள்ளி இடைவெளி வேண்டும். கடைந்து முடித்த சிலிண்டரையும் அதற்குள் போகிற பிஸ்டனையும் ஒரே கல்மேடையில் அடுத்தடுத்து வைத்து, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, மறுநாள் காலையில்தான் வாலஸ் அளந்து பார்ப்பார். கடைகிறபோது சிலிண்டர் சூடாகி விரிந்திருக்கும், அப்போது எடுக்கிற அளவு பொய் சொல்லும் என்பது அவர் கணக்கு. வருகிறவன் எவ்வளவு அவசரப்பட்டாலும் டீயைக் குடித்துவிட்டு நாளைக்கு வா என்றுதான் அனுப்புவார்.

அந்தப் புதன்கிழமை நான் போனபோது டெரிக்கின் இடது சிலிண்டர் மிஷினில் இருந்தது. வலதை முந்தின நாளே முடித்து வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை பயிற்சி ஓட்டம், சனிக்கிழமை ரேஸ். டெரிக் அன்று சாயங்காலமே இன்ஜினைப் பூட்டியாக வேண்டும். நான் கதவருகில் நின்று, மேற்கே கறுத்துவிட்டது, உங்களையும் டெரிக்கையும் விட்டால் எனக்கு ஆள் இல்லை என்றேன். வாலஸ் சிலிண்டரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு முள் ஓடுகிற அளவுகோலை உள்ளே விட்டார். இடைவெளி ஏழு காட்டியது போல. சூட்டுக்கு ஒன்று போனால் ஆறு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, நோட்டில் எழுதிவிட்டு, மேலங்கியைக் கழற்றி மாட்டினார். நான் அவசரப்பட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றேன். அவர் நோட்டை மூடியதைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வயலில் அன்று ஐந்து பேர். டெரிக், வீட்டுக் கூரைகளுக்குக் கல்தகடு போடுகிற ஆள். நல்ல தோள். புல் கட்டுகளை முள்கம்பால் குத்தி ஒரே வீச்சில் வண்டிமேல் எறிவான். மேலே நின்று அடுக்கியது அவன் மனைவி லோர்னா, வாலஸின் ஒரே மகள். பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை. அவன் எறிவதைவிட வேகமாக அவள் அடுக்கிவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்பாள்.

"என்ன, கை வலிக்குதா? ரேஸ்லயும் இப்படித்தான் நாலாவதா வருவீங்களோ?" என்றாள்.

"நாலாவதா வர்றவனுக்குத்தான் ரசிகைங்க அதிகம். முதல்ல வர்றவன் மூஞ்ச யாரும் பாக்க முடியாது, அதுக்குள்ள போயிடுவான்" என்றான் டெரிக்.

ஐரீன், வாலஸின் மனைவி, பால் கேனில் டீயும், வெண்ணெய் தடவிய சோடா ரொட்டியும், துணியில் சுற்றிய பன்றிக்கறித் துண்டுகளும் கொண்டுவந்தார். புல் கட்டின்மேல் உட்கார்ந்து தின்றோம். வாலஸ் அதிகம் பேசவில்லை. அவர் எப்போதுமே அப்படித்தான். கடைசிப் புல் வண்டி என் கொட்டகைக்குள் நுழைந்தபோது முதல் தூறல் விழுந்தது. ஒரு கட்டுகூட நனையவில்லை. அன்று எங்களில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது, ஆனால் குளிர். ரோட்டில் வேலியோர நிழலெல்லாம் ஈரமாகவே கிடந்தது. டெரிக் வண்டியைக் கிளப்பி நாலு நிமிஷம் சூடேற்றிக்கொண்டு வரிசையில் போய் நின்றான். அந்த நேரம் பார்த்து யாருடையதோ இரண்டு கிடேரிகள் வேலியை உடைத்து ரோட்டில் ஏறிவிட்டன. அவற்றை ஓட்டி முடிக்கிற வரைக்கும் எல்லோரும் இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். பிறகு கொடி விழுந்தது. தள்ளிக்கொண்டு ஓடி, கிளப்பி, ஏறி உட்கார்ந்து போனான். வாலஸும் நானும் வண்டிகள் நிறுத்துகிற வயலில் இருந்தோம். இரண்டாவது மைலில், பால் பண்ணையைத் தாண்டிய நேர்ரோட்டில், பின்சக்கரம் நின்றது. ஹெல்மெட் கண்ணாடியில் ஒட்டிய பூச்சியைத் துடைக்க டெரிக் அப்போதுதான் இடதுகையை எடுத்திருந்தான். வண்டி அறுபது கஜம் வழுக்கிப் போய்க் கல்சுவரில் மோதியது. அவனைத் தூக்கி அந்தப் பக்கத்து உருளைக்கிழங்கு வயலில் போட்டது.

அவன் சாகவில்லை. நெஞ்சுக்குக் கீழே உடம்பில் உணர்வே இல்லாமல் போயிற்று.

மறு வாரம் வண்டியை என் டிராக்டர் டிரெய்லரில் கொண்டுவந்து இறக்கினோம். அடுத்த நாள் வாலஸ் இன்ஜினைப் பிரித்தார். நானும் கூட இருந்தேன். வலது பிஸ்டன் பளிச்சென்று இருந்தது. இடது பிஸ்டனில் சுற்றிலும் நான்கு இடத்தில் உரசல், அலுமினியம் உருகி இழுபட்டிருந்தது. பெட்ரோல் குறைவாகப் போய் எரிந்திருந்தால் ஒரு பக்கம்தான் போயிருக்கும் என்றார். நான்கு இடமும் போனால் இரண்டு காரணம்தான் உண்டாம். ஒன்று, ஆறிப்போன இன்ஜினை முறுக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இடைவெளி போதாமல் இருந்திருக்க வேண்டும். ஊர் முழுக்க முதல் காரணத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தது. கிடேரிகள் வந்தன, இன்ஜின் ஆறியது, டெரிக் பொறுமையில்லாமல் முறுக்கினான், கையையும் எடுத்துவிட்டான்.

வாலஸ் அந்தச் சிலிண்டரைத் துடைத்து, அதே அளவுப் புதுப் பிஸ்டன் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, கொட்டகையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். பிஸ்டன் உரசாத அடிப்பக்கத்தில் அளந்தார். மூன்று தடவை அளந்தார். அளவுகோலை என் கையில் கொடுத்து என்னையும் பார்க்கச் சொன்னார். எனக்கு அதெல்லாம் தெரியாது, ஆனால் முள் எங்கே நின்றது என்று பார்க்கத் தெரியும். நாலில் நின்றது.

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"நீ கூப்ட்டதால இல்ல, நார்மன். நான் வரலன்னு சொல்லியிருக்கலாம். ஒரு புள்ளிதான் சுருங்கும்னு நெனச்சேன், மூணு சுருங்கியிருக்கு. முப்பது வருஷமா ஒருத்தனுக்கும் நான் அப்படி நெனச்சுப் பாத்துக் கொடுத்ததில்ல."

வீட்டுக்குள் போனோம். ஐரீன் கழுவுதொட்டி அருகில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். வாலஸ் நாற்காலியில் உட்காராமலேயே சொன்னார். ஐரீன் கத்தியைக் கீழே வைக்கவில்லை. எவ்வளவு இருந்தது, எவ்வளவு இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். நாலு, ஆறு என்றார் வாலஸ். ஐரீன் கையிலிருந்த கிழங்கை முழுதும் சீவி முடித்துத் தண்ணீரில் போட்டார்.

"இத இப்ப யாருக்கும் சொல்லாத, வாலஸ்."

"அவன் தன் கையக் கொற சொல்லிட்டுக் கெடக்கான்."

"கெடக்கட்டும். லோர்னா பக்கத்துல உக்காந்து உங்க தப்பு இல்ல, உங்க தப்பு இல்லன்னு சொல்லிட்டிருக்கா. அவளுக்கு இன்னிக்கு அந்த ஒரு வேலைதான் இருக்கு. நீ போயி என் தப்புன்னு சொன்னா அவ எங்க போவா? புருஷன் பக்கத்துல உக்காந்துட்டு அப்பனுக்கு டீ போடுவாளா? இல்ல இந்த வீட்டுப் பக்கமே வராம இருப்பாளா? அவன் கொஞ்சம் தேறட்டும். அப்புறம் சொல்லு."

வாலஸ் என்னைப் பார்த்தார். ஐரீன் சொல்வதும் சரிதான் என்றேன். எனக்கும் அது வசதியாக இருந்தது.

டெரிக் தேறவில்லை. பெல்ஃபாஸ்ட் ஆஸ்பத்திரியில் அவனை ஒரு குறுகலான படுக்கையில் கட்டிப் போட்டிருந்தார்கள். முதுகில் புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கொரு தடவை படுக்கையோடு புரட்டுவார்கள். இரண்டு மணி நேரம் கூரையைப் பார்த்திருப்பான், இரண்டு மணி நேரம் தரையைப் பார்த்திருப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் வாலஸையும் ஐரீனையும் நான் காரில் கூட்டிப் போவேன். அது கலவரக் காலம், சோதனைச் சாவடியில் பட்டாளத்துக்காரர்கள் காரைத் திறந்து பார்க்கிறபோது, வாலஸ் மடியில் திராட்சைப் பையோடு அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஆஸ்பத்திரியிலும் ஒன்றும் பேச மாட்டார். சொல்லவும் முடியாமல் சும்மா இருக்கவும் முடியாமல் அந்தக் கோடையில் அவர் பாதியாக இளைத்துப் போனார். கொட்டகையைப் பூட்டிவிட்டார். வருகிற பையன்களிடம் கண் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்.

செப்டம்பர் மாதம் ஒரு ஞாயிறு ஐரீனுக்குச் சளி, வரவில்லை. பாதி வழியில் வாலஸ், இன்றைக்குச் சொல்லிவிடப் போகிறேன் என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நாங்கள் போனபோது டெரிக் குப்புறக் கிடந்தான். நெற்றியையும் முகவாயையும் பட்டையில் தாங்கி, முகம் மட்டும் நடுவே தரையைப் பார்த்திருந்தது. புரட்ட இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார் நர்ஸ். லோர்னா டீ குடிக்கக் கீழே போயிருந்தாள். வாலஸ் தொப்பியை என்னிடம் கொடுத்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு அந்தத் தரையில் உட்கார்ந்து, கையை ஊன்றி, மல்லாந்து படுத்து, படுக்கைக்கு அடியில் தலையை நகர்த்திக்கொண்டு போனார். இப்போது இரண்டு பேருடைய முகமும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன.

"என்ன வாலஸ், அடியில ஏதாச்சும் ரிப்பேரா?" என்றான் டெரிக்.

வாலஸ் சிரிக்கவில்லை. "இடது பக்கம் நாலுதான் இருந்துச்சு, டெரிக். ஆறு இல்ல. சூட்டோட அளந்துட்டேன். உன் கை இல்ல. கிடேரியும் இல்ல. நான்தான்."

டெரிக்கின் மூக்கிலிருந்து ஒரு சொட்டு வாலஸின் கன்னத்தில் விழுந்தது. அவனால் துடைக்க முடியாது, வாலஸ் துடைக்கவில்லை.

"எப்பவும் வண்டிய எட்டு அடி தள்ளினா இன்ஜின் பத்திக்கும். அன்னிக்குப் பன்னெண்டு, பதிமூணு ஓட வேண்டியிருந்துச்சு. தள்ளும்போதே கனமாத்தான் இருந்துச்சு" என்றான்.

"அப்ப நிறுத்தியிருக்கலாமே."

"வேற யார் கடைஞ்சிருந்தாலும் நிறுத்தியிருப்பேன்."

அதற்கு மேல் வாலஸால் அங்கே படுத்திருக்க முடியவில்லை. ஆனால் எழுந்திருக்கவும் முடியவில்லை. நானும் நர்ஸும் கையைப் பிடித்துத் தூக்கினோம். தரையைப் பார்த்தபடியே டெரிக் கூப்பிட்டான். வெளியில் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றான். லோர்னாவுக்கும் சொல்ல வேண்டாமா என்று வாலஸ் கேட்டார். அவளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், என்னால் முடியாது என்றான்.

தாழ்வாரத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், வாலஸ் மகளிடம் சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. லோர்னா கையில் இரண்டு காகிதக் கோப்பைகள் இருந்தன, அவருக்கும் எனக்கும் வாங்கி வந்தது.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"இன்ஜினப் பிரிச்சதுக்கு மறுநாள்."

"அது ஜூலை."

"ஆமா."

"ஒம்பது வாரம். ஒம்பது வாரமா அவரு தன் கையத் திட்டிட்டுக் கெடந்தாரு. இந்தக் கை விளங்காமப் போயிருக்கலாம், காலுக்குப் பதிலான்னு கேட்டாரு. நான் பக்கத்துலயே இருந்தேன். நீங்க ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை திராட்ச வாங்கிட்டு வந்தீங்க."

அளவு தப்பியதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோப்பைகளை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அதன் பிறகு அப்பாவிடம் பேசவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் டெரிக்கை வீட்டுக்கு அனுப்பினார்கள். ரோட்டோரத்தில் அவர்களுக்கு மூன்று அறை வீடு, முன்னறையில் கட்டில் போட்டார்கள். வாசற்படியை உடைத்துச் சரிவு கட்டியது வாலஸ். கதவுகளை அகலப்படுத்தியதும் அவர்தான். லோர்னா வேலைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து, பத்து மணிக்கு வந்து, இரண்டு மணிக்கு முன்னால் கருவிகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவள் வந்து, தரையில் மரத்தூள் இருந்தால் பேசாமல் பெருக்கித் தள்ளுவாள். அம்மாவிடம் மட்டும் பேசுவாள், சோப்பு தீர்ந்தது, துணி காயவில்லை என்று.

அவள் பட்ட பாட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். டெரிக்கை இரண்டு மணிக்கொரு தடவை புரட்ட வேண்டும், ராத்திரியிலும். சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டும். தினம் நான்கு ஜோடிப் படுக்கை விரிப்பு துவைக்க வேண்டும். எங்கள் ஊர் மழையில் நான்கு ஜோடியைக் காயவைப்பது என்றால் அடுப்பைச் சுற்றிக் கயிறுதான். அந்த வீட்டுக்குள் எப்போது போனாலும் ஈரத்துணி முகத்தில் தட்டும். அவளுக்கு இருபத்தெட்டு வயது. முன்நெற்றி முழுக்க ஒரே வருஷத்தில் நரைத்துவிட்டது. டெரிக்கும் ஆரம்பத்தில் கேலி பேசினான், பிறகு குறைந்தது, பிறகு ஜன்னலைத் திறந்துவிடு, சாத்து என்பதோடு நின்றுவிட்டது. வாலஸ் பகலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். என்ன பேசிக்கொள்வார்கள் என்று நான் ஒரு தடவை கேட்டேன். ஒன்றும் இல்லை, ரேடியோ கேட்போம் என்றார்.

ஒரு நாள் நான் போயிருந்தபோது டெரிக் அவரிடம், உங்களை மன்னித்துவிடச் சொல்லி லோர்னாவிடம் கேட்டுப் பார்த்தேன் என்றான். வாலஸ் அவன் உதட்டைத் துணியால் ஒற்றிக்கொண்டே, அதெல்லாம் கேட்காதே, அவளுக்கு இருக்கிற வேலை போதும் என்றார்.

இரண்டாம் குளிர்காலத்தில் சிறுநீரகத்தில் சீழ் பிடித்தது. பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு டெரிக் செத்துப்போனான். அப்போதும் வாலஸ்தான் பக்கத்தில் இருந்தார். பள்ளிக்கூடத்துக்கு என்னைத்தான் அனுப்பினார். லோர்னா ஐம்பது பிள்ளைகளுக்கான உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள், மேலங்கியைக் கழற்றவில்லை. அப்படியே என்னோடு வந்தாள்.

வியாழக்கிழமை அடக்கம். வீடு கொள்ளாத கூட்டம். முன்னறையில் கட்டிலை எடுத்துவிட்டுப் பெட்டியை வைத்திருந்தார்கள். ஆண்கள் கோட்டிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டச் சொட்டச் சுவரோரம் நின்றார்கள். பெண்கள் சாண்ட்விச் தட்டுகளைக் கை மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ரேஸ் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், இரண்டு கோயில்காரர்களும். போதகர் வருவதற்கு அரை மணி நேரம் இருந்தது. ரேஸ் சங்கத்துச் செயலாளர் பெர்ட்டி மெல்லிய குரலில்தான் ஆரம்பித்தார். எல்லாம் அந்தக் கிடேரிகளால் வந்தது என்றார். இன்னொருவர், கையை எடுக்காமல் இருந்திருந்தால் அரை நொடியில் பிழைத்திருப்பான் என்றார். பூச்சியைத் துடைப்பதற்கு அதுவா இடம் என்றார் மூன்றாமவர். குறை சொல்கிற தொனி இல்லை, பிரியத்தோடுதான் பேசினார்கள். ஒரு பெட்டியைச் சுற்றி நிற்கிறவர்கள் வேறு என்னதான் பேசுவார்கள்.

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வாலஸ் எழுந்து நின்றார்.

"அவன் கை இல்ல. இடது சிலிண்டர நான் சின்னதா கடைஞ்சுட்டேன். நாலு புள்ளிதான் இருந்துச்சு. அவனே தள்ளும்போது கனமா இருந்துச்சுன்னு சொன்னான். நான் அளந்த லட்சணம் அப்படி. இனிமே யாரும் அவன் கையப் பத்திப் பேசாதீங்க" என்றார்.

அறையில் கோப்பைச் சத்தம் நின்றது. பெர்ட்டி வந்து அவர் முழங்கையைப் பிடித்தார்.

"வாலஸ், ரெண்டு வருஷமா அவன் பக்கத்துலயே உக்காந்து நீ ஓஞ்சு போயிட்ட. துக்கம் அப்படித்தான் பேச வைக்கும். நீயாவது, அளவு தப்புறதாவது."

"நோட்டு இருக்கு. கொட்டகையில சிலிண்டரும் இருக்கு. வந்து அளந்து பாரு."

யாரும் நகரவில்லை. கதவருகில் மாலகி நின்றிருந்தான். மலைப்பக்கத்துக் கத்தோலிக்கப் பையன், அந்த வருஷம் எங்கள் பக்கத்து ரேஸில் அவன்தான் முதல் ஆள். அவன் முகம் வெளுத்திருந்தது.

"வேணாம் வாலஸ். என் வண்டியில இன்னும் நீங்க கடைஞ்ச சிலிண்டர்தான் ஓடுது. இங்க நிக்கிறதுல பாதிப் பேருக்கு அப்படித்தான். தள்ளும்போது கனமா இருந்தாலும், வாலஸ் வச்சது சரியாத்தான் இருக்கும்னு நெனச்சுத்தான் ஏறுறோம். அதையும் எடுத்துட்டீங்கன்னா நாங்க எப்படி ஏறுறது?" என்றான்.

சிலர் தலையாட்டினார்கள். வாலஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என் முகத்துக்கும் வந்தார். அளவுகோலின் முள்ளை என் கண்ணால் பார்த்தவன் நான். அந்தத் தரையில் அவர் படுத்துச் சொன்னதைத் தொப்பியை வைத்துக்கொண்டு கேட்டவன். வாசலில் நின்று அவசரப்படுத்தியவனும் நான்தான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

லோர்னா பெரிய டீக் கெட்டிலோடு சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தாள். வாலஸ் அவள் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. உனக்குத் தெரியும்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கெட்டில் கனத்தது, அவள் மற்றக் கையை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். அவள் அவருக்கு இரங்கினாளா, இல்லை அவர் கேட்டதைக் கொடுக்கக் கூடாது என்று தீர்மானித்தாளா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"அப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல. ராத்திரியெல்லாம் தூங்கல" என்றாள் மற்றவர்களிடம். பிறகு அவரைப் பார்த்து, "உக்காருங்கப்பா" என்றாள்.

பதினேழு மாதத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. வாலஸ் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார். பிறகு உட்கார்ந்தார். ஐரீன் வந்து அவர் கையில் ஒரு கோப்பையை வைத்தார். பெர்ட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, ரோட்டில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று யாரிடமோ கேட்டார். பேச்சு மெதுவாகத் திரும்பியது.

போதகர் ஜெபம் முடித்ததும் பெட்டியைத் தூக்கினோம். எங்கள் பக்கத்தில் கோயில் வரைக்கும் தோள் மாற்றி மாற்றித் தூக்கிப் போவார்கள். முதல் தோளுக்கு யார் யார் எந்த இடம் என்று பெர்ட்டி ஆட்களை நிறுத்தினார். மாமனார் வாலஸுக்கு முன்பக்கத்து இடது மூலை, மாலகிக்கு வலது மூலை. எனக்கு வாலஸுக்குப் பின்னால் கிடைத்தது. மழை சாய்வாக அடித்தது. அவர் என்னைவிடக் குட்டை. அந்த மூலை தாழ்ந்து தாழ்ந்து போயிற்று. நான் முழங்காலை மடக்கி நடந்தேன். பால் பண்ணைக்கு எதிரில் தோள் மாற்ற ஆட்கள் முன்னால் வந்தபோது மற்ற ஐந்து பேரும் விலகினோம். வாலஸ் விலகவில்லை. பெர்ட்டி அவர் காதில் என்னவோ சொன்னார். வாலஸ் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு நடந்துகொண்டே இருந்தார். கோயில் வரைக்கும் அந்த மூலையை வேறு யாரும் வாங்கவில்லை.